கடலை யார் தள்ளி வைத்தது?

மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் இறங்கி நடந்தோம். பாதி மணலைக் கடப்பதற்குள் அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார், முட்டி வலி. "கடலை எவன்டா இவ்வளவு தள்ளி வச்சான்?" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி ரொம்பச் சரி. நிஜமாகவே மனிதர்கள்தான் தள்ளினார்கள், அதுவும் அப்படி ஒரு எண்ணமே இல்லாமல்.

ஒருவழியாகத் தண்ணீர் வரை போய் நின்றோம். அலை வந்து திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து ஆள் பின்பக்கம் சாய்வோமே, சரியாக அங்கேதான் விஷயம் இருக்கிறது. திரும்பிப் போகும் தண்ணீருக்குக் குதிகால் ஒரு தடை. அதைச் சுற்றிப் போகும்போது வேகம் கூடி, சின்னச் சுழலாகி, மணலைக் கிளப்பிக்கொண்டு போகிறது. தண்ணீர் வேகமாக ஓடினால் மணலை அள்ளும், வேகம் குறைந்தால் போட்டுவிடும், அவ்வளவுதான்.

இப்போது அலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கரைக்கு நேராக வராது, வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும். சாய்வாக ஏறுகிற அலை, இறங்கும்போது மட்டும் சரிவில் நேராக இறங்குவதால், ஒரு மணல்துகள் ஒவ்வொரு அலைக்கும் துளித்துளியாக வடக்கே நகர்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இதுவே தெற்கே திரும்பும், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்குதான் ஜெயிக்கும். கலங்கரை விளக்கம் பக்கம் கிடந்த மணல் அண்ணா சமாதியைத் தாண்டிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர்.

அந்தக் காலத்து மெட்ராசில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றி அலைக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். 1860களில் கடலுக்குள் சுமார் 1,100 அடி நீளத்துக்கு இரும்புத் தூண்கள் ஊன்றி ஒரு பாலம் இருந்தது. கால்களுக்கு இடையே தண்ணீர் போகும், மணலும் போகும், அதனால் கடற்கரைக்கு அது பெரிய தடையாக இல்லை. 1876ல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தபோதுதான் கதை மாறியது. 1881ல் ஒரு புயல் அதைப் பிய்த்துப் போட்டும் விடவில்லை, மறுபடி கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி, வேகம் இழந்து, தென்பக்கமே தங்கிவிட்டது. 1870ல் பிரசிடென்சி கல்லூரி கட்டிடம் எழும்பிய காலத்தில் கடல் இப்போதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருந்தது. 1880களில் நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தது கவர்னர் கிராண்ட் டஃப். ஆனால் இவ்வளவு பெரிய மணல்வெளியைப் போட்டது துறைமுகச் சுவர்தான்.

சும்மா வந்த மணல் இல்லை இது. சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் அலைக்குப் பழைய பசி அப்படியே இருக்கிறது, தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் மட்டும் வரவில்லை. அதனால் அது கரையையே தின்றது. எண்ணூர் போகும் சாலையோரம் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருப்பது அதற்குத்தான். நாம் சுண்டல் சாப்பிட்டபடி உட்கார்ந்திருக்கும் மணல் ஒருவகையில் அவர்கள் வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டியது, எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. விவேகானந்தர் இல்லம் பக்கம், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக 2022 நவம்பரில் மணல் மேல் மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் கை வைத்தது, அப்புறம் சரிசெய்தார்கள் என்றும் சொன்னேன். செருப்பை உதறிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மரத்துல பாதையே இருக்குதா? அதை முதல்ல சொல்ல மாட்டியாடா?"