ஆன்டிபயாட்டிக்: நுண்ணுயிரெதிரி

கிரேக்க மொழியில் ‘ஆன்டி’ என்றால் எதிர், ‘பயோஸ்’ என்றால் உயிர். ஓர் உயிர் தான் வாழ்வதற்காக மற்றோர் உயிரை அழிக்கும் நிலையை, கூட்டுவாழ்வுக்கு மறுதலையாக, ‘ஆன்டிபயோசிஸ்’ என்று 1889இல் குறித்தவர் பிரெஞ்சு அறிஞர் போல் வியேமின். 1940களின் தொடக்கத்தில் நுண்ணுயிரியல் அறிஞர் செல்மன் வாக்ஸ்மன் ‘ஆன்டிபயாட்டிக்’ என்பதற்கு வரையறை தந்தார்: ஒரு நுண்ணுயிர் உண்டாக்கி, பிற நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கவோ அவற்றை அழிக்கவோ வல்ல வேதிப்பொருள். பினாயிலும் கிருமியைக் கொல்லும். ஆனால் அது எந்த நுண்ணுயிரும் ஈன்ற பொருளன்று என்பதால், இந்த வரையறைக்குள் வராது.

மண் நுண்ணுயிர்களால் புகழ்பெற்ற வாக்ஸ்மன், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் கடல் பாக்டீரியாவையும் ஆராய்ந்தவர். அவருடைய வரையறை கடலுக்கும் அப்படியே பொருந்துகிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் கடற்புல்லின் மேல் வாழும் பாக்டீரியாவிலிருந்து 1966இல் ஒரு நுண்ணுயிரெதிரி கண்டறியப்பட்டது. அதன் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் புரோமின். கடல்நீரில் கரைந்திருக்கும் தனிமத்தையே அச்சிறு உயிர் படைக்கலமாக்கிக்கொண்டிருக்கிறது. ஜப்பான் கடலில் 289 மீட்டர் ஆழத்துச் சேற்றில் கிடைத்த பாக்டீரியா தரும் அபிசோமைசின் என்னும் நுண்ணுயிரெதிரி, ஃபோலேட் என்ற பி வைட்டமினின் ஆக்கத்துக்குத் தேவையான ஒரு மூலப்பொருளைப் பாக்டீரியா உண்டாக்கவொட்டாமல் தடுக்கிறது. மனித உடல் அந்த வழியில் ஃபோலேட்டைச் செய்துகொள்வதில்லை; உணவிலிருந்தே பெறுகிறது. பகைவனிடம் மட்டும் உள்ள இத்தகைய நிலையைக் குறிவைப்பதே நல்ல மருந்துக்கு அழகு. 2004இல் வெளியான ஆய்வில் அபிசோமைசின், மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவையும் எதிர்த்தது. இருந்தும், ஆய்வகத் தட்டில் வென்ற பொருள் மருந்தாகும் வரை வழி நெடியது.

இனித் தமிழ்ச் சொல். ‘கிருமிக்கொல்லி’ என்பது பிழையான எண்ணத்தைத் தருகிறது. வைரசும் பேச்சுவழக்கில் கிருமிதான்; ஆனால் வைரசிடம் இம்மருந்து பலிக்காது. வைரசால் வரும் சளிக்காய்ச்சலுக்கும் இம்மருந்தைக் கேட்கும் பழக்கத்துக்கு அச்சொல்லும் துணைபோகிறது. ‘கொல்லி’ என்ற ஈறும் முழுதும் பொருந்தாது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் பாக்டீரியாவின் புரத ஆக்கத்தை நிறுத்தி வளர்ச்சியைத் தடுக்குமே தவிர, நேரே கொல்வதில்லை. ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ பரவலான சொல்; ஆயினும் அதை ஒட்டி ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று எழுதும்போது, மருந்து நுண்ணுயிரை எதிர்ப்பதா, நுண்ணுயிர் மருந்தை எதிர்ப்பதா என்று மயங்க நேர்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகிவரும் காலத்தில் இம்மயக்கம் சிறியதன்று.

ஆகவே ‘நுண்ணுயிரெதிரி’ என்பதையே நான் விரும்புகிறேன். நுண்ணுயிருக்கு எதிரி என விரித்தால் பகைப்பொருளில் வந்த நான்காம் வேற்றுமைத் தொகை. நுண்ணுயிரிலிருந்து பிறக்கும் எதிரி என விரித்தால் ஐந்தாம் வேற்றுமைத் தொகை. வாக்ஸ்மனின் வரையறை கேட்ட இரண்டு பொருளையும் இந்த ஒரே தொகை தாங்குகிறது.