சைட்டோபிளாசத்த ஏன் "குழியவுரு"ன்னு சொல்றோம்?

பயாலஜி படிச்ச எல்லாரும் சைட்டோபிளாசம்னு மனப்பாடம் பண்ணிருப்போம், ஆனா அந்த சொல்ல யாரும் பிரிச்சுக் காட்டிருக்க மாட்டாங்க. கிரேக்கத்துல கைட்டோஸ்னா உள்ள குழிவா இருக்கிற பாத்திரம், பிளாஸ்மான்னா வார்த்து உருவாக்கினது (பிளாஸ்டிக்கும் இதே வேர்தான்). 1860-கள்ல கோலிக்கர்ங்கிற சுவிஸ் விஞ்ஞானி இந்த சொல்லக் கொண்டுவந்தப்போ செல்லுக்குள்ள இருக்கிற உயிர்ப்பொருளுக்குப் பொதுப்பேரா இருந்துச்சு, அப்புறம் 1882-ல ஸ்ட்ராஸ்பர்கர்ங்கிற தாவரவியலாளர் உட்கருவுக்கு (நியூக்ளியஸ்) வெளிய இருக்கிறது மட்டும் சைட்டோபிளாசம்னு பிரிச்சுட்டாரு.

தமிழ்ல குழியம் + உரு = குழியவுரு. கிரேக்கத்துல என்ன அர்த்தமோ அதே அர்த்தம். இலங்கைத் தமிழ்ல ரத்த சிவப்பணுவ செங்குழியம்னுதான் எழுதுவாங்க, அதுலயும் இதே குழியம்தான். அங்க செல்லுக்கு கலம்னு பேரு, கலம்னா பாத்திரம்னும் அர்த்தம் இருக்குல்ல, அதனால எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும்.

குழின்னு இருக்கேன்னு வெறும் காலியிடம்னு நெனச்சிடக்கூடாது. சர்க்கரைய உடைச்சு ஆற்றல் எடுக்கிற வேலையோட முதல் கட்டம் இழைமணியில (மைட்டோகாண்ட்ரியா) இல்ல, குழியவுருவுலதான் நடக்குது. ஹைட்ரில்லாங்கிற நீர்ச்செடியோட இலை ஒண்ண மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாருங்க, பச்சைப் பச்சையா பசுங்கணிகங்கள் (குளோரோபிளாஸ்ட்) செல்லோட ஓரமா வரிசையா நகர்ந்து சுத்தி வரும், அதுங்கள இழுத்துட்டுப் போறது ஓடிட்டிருக்கிற குழியவுருதான்.

இந்தக் குழியவுருவ வெளிய சுத்தி மூடியிருக்கிறது செல் சவ்வு. சவ்வு நமக்கு பழக்கமான சொல்லு, காது ஜவ்வு கிழியிற மாதிரி கத்தாதன்னு சொல்றோமே அதே ஜவ்வுதான். செல் சவ்வோட தடிமன் 7, 8 நானோமீட்டர்தான், ரெண்டு அடுக்கு கொழுப்பு, நடுநடுவுல புரதம். எத உள்ள விடணும் எத வெளிய அனுப்பணும்னு தீர்மானிக்கிறது இதுதான். செடிகளோட செல்லுல சவ்வுக்கும் வெளிய இருக்கிற செல் சுவரும் சவ்வும் ஒண்ணுன்னு நெறைய பேரு குழப்பிக்கிறாங்க, அது தப்பு, மனுஷ செல்லுல சுவரே கிடையாது.

வித்தியாசத்தக் கண்ணால பாக்கணும்னா ஊதா கலர் வெங்காயத் தோல மைக்ரோஸ்கோப்ல வெச்சு நல்ல உப்புத்தண்ணி ஒரு சொட்டு விடுங்க. கொஞ்ச நேரத்துல சுவர் அப்படியே கட்டம் கட்டமா நிக்கும், ஊதா மட்டும் உள்ள சுருங்கி தனியா வரும், அந்த ஊதாவோட ஓரத்துலதான் சவ்வு இருக்கு. (கலர் இருக்கிறது குழியவுருவுல இல்ல, அதுக்குள்ள இருக்கிற நுண்குமிழ்ல (வாக்குவோல்), அதுக்கும் தனியா ஒரு சவ்வு உண்டு.) நல்ல தண்ணி விட்டா திரும்ப உப்பி பழைய எடத்துக்கு வந்துடும். அதே தோல மொதல்லயே கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துட்டீங்கன்னா சவ்வு செத்துடும், ஊதா எல்லாம் தண்ணில கசிஞ்சு போயிடும், அப்புறம் எவ்வளவு உப்பு போட்டாலும் சுருங்குறதுக்கு உள்ள எதுவும் இருக்காது.