பெயர் எழுதாத நெகட்டிவ்

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வேலூரில் முப்பது வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். கடையை மூடிய பிறகும் நெகட்டிவ்களை விட மனம் வரவில்லை. பிஸ்கட் டின்களிலும் செருப்பு அட்டைப்பெட்டிகளிலும் அடுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பழுப்பு உறையின் மேலும் பில் எண், தேதி, வீட்டுக்காரர் பெயர், கூடவே ‘காதுகுத்து’, ‘நிச்சயம்’, ‘பாஸ்போர்ட் 6 காப்பி’ என்று ஒரு சொல். மை மங்கினாலும் வாசிக்க முடிகிறது. ஒரு பெட்டி மட்டும் தனி. அதில் இருப்பவை அவர் தமக்காக எடுத்துக்கொண்டவை: கோட்டை அகழி, பாலாற்று மணல், சந்தை, பஸ்கள். அந்த உறைகளில் ஒரு எழுத்தும் இல்லை. “தேதியும் பெயரும் எழுதாத நெகட்டிவ் இருந்தும் இல்லாததுதான், தம்பி” என்றார்.

அந்தப் பெட்டியில் இருப்பவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏற்ற ஏற்ற எனக்கே ஒரு கேள்வி வந்தது. கோடிக்கணக்கான படங்கள் ஒரே இடத்தில் குவியும்போது யார் படம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? முன்பின் தெரியாதவர்கள் ஏன் அங்கே கூடிப் பேசுகிறார்கள்?

நான் தேர்ந்தெடுத்தது ஃப்ளிக்கர் என்ற படம் பகிரும் இணையதளம். இன்றைய கணக்கில் அது பழைய வீடுதான். ஆனால் இந்த வகை வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டது அதுதான். தொடக்கத்தில் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கனடாவின் வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் காத்தரீனா ஃபேக்கும் லூடிகார்ப் என்ற சிறு நிறுவனத்தில் ‘கேம் நெவர்எண்டிங்’ என்று ஓர் இணைய விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கையில் பணம் கரைந்துகொண்டிருந்தது. விளையாட்டில் பொருள்களைக் கைமாற்றும் வசதியை மட்டும் உருவியெடுத்து, பொருளுக்குப் பதில் படம் என்று மாற்றி 2004 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். முதலில் அது அரட்டை அறை. எதிரில் ஆள் இருந்தால்தான் படத்தைக் காட்டலாம். ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கமும் நிலையான முகவரியும் பிறகு வந்தன. 2005 மார்ச்சில் யாஹூ அதை வாங்கியது. 2010 செப்டம்பரில் 500 கோடியாவது படம் ஏறியது.

இந்த வளர்ச்சிக்கு முக்கியமான காரணம் ஒரு சின்ன முடிவு என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன்பிருந்த படத் தளங்கள் பீரோ மாதிரி. படத்தை உள்ளே வைத்துப் பூட்டிச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் சாவி கொடுக்கலாம். காகிதத்தில் அச்சிட்டு விற்பதுதான் அவற்றின் வருமானம். ஃப்ளிக்கர் திண்ணை மாதிரி. நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை படம் எல்லோர் கண்ணிலும் படும். போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கலாம், ஒரு வார்த்தை சொல்லலாம்.

சரி, படம் ஏறும்போது உள்ளே என்ன நடக்கிறது? பெரியவர் அகழியைப் படம் பிடித்த அதே இடத்தில் நின்று போன வாரம் என் போனில் ஒரு படம் எடுத்தேன். மேலே வெறும் வானம், நடுவே கருங்கல் மதில், கீழே அலையாடும் தண்ணீர். 4000க்கு 3000 என்று மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று எண்கள் வீதம் 3 கோடியே 60 லட்சம் பைட். அதாவது 36 எம்பி. ஆனால் கோப்பின் அளவு 4 எம்பிகூட இல்லை. மிச்சத்தைத் தின்றது ஜேபெக் என்னும் சுருக்கும் முறை.

ஜேபெக் முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் கொஞ்சம் ஏமாளி. ஆகவே நிறத்தின் அளவைப் பெரும்பாலும் நாலில் ஒன்றாகக் குறைத்துவிடலாம், நமக்குத் தெரியாது. அடுத்து, படம் முழுவதையும் 8 புள்ளி 8 வரிசைக் கட்டங்களாக வெட்டுகிறது. வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கட்டத்துக்கு 64 புள்ளி. இப்போது கணிதம் கையில் 64 அடிப்படைக் கோலங்களை வைத்திருக்கிறது. முதல் கோலம் வெறும் சீரான பூச்சு. அடுத்தது இடமிருந்து வலமாக மெல்ல வெளுக்கும் ஒரு பட்டை. அப்படியே பட்டைகள் நெருங்கி நெருங்கிக் கடைசிக் கோலம் சதுரங்கப் பலகைபோல் பொடிப்பொடியாக இருக்கும். இந்த 64ஐயும் ஒவ்வொன்றையும் வேண்டிய அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உலகத்தில் உள்ள எந்த 64 புள்ளிக் கட்டமும் அப்படியே வந்துவிடும். எனவே புள்ளிகளை எழுதி வைப்பதற்குப் பதில், எந்தக் கோலம் எவ்வளவு அழுத்தம் என்று 64 எண்களை எழுதி வைக்கலாம்.

64க்குப் பதில் 64 என்றால் என்ன லாபம் என்று கேட்கத் தோன்றும். வானத்தில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் கோலமும் அடுத்த ஒன்றிரண்டும் இருந்தால் போதும். மற்றவற்றின் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். ஜேபெக் ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. பொடிக்கோலங்களுக்கு வகுக்கும் எண் பெரிது; அவை கூட்டமாகப் பூஜ்யத்தில் விழுகின்றன. ‘இதற்குப் பிறகு எல்லாம் பூஜ்யம்’ என்று ஒரே குறியில் கட்டத்தை முடித்துவிடலாம். மதில் கட்டத்தில் கல்லின் சொரசொரப்பு இருப்பதால் அதிக எண்கள் தேறும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில். இப்படி முழு எண்ணாக்கும்போது போனது போனதுதான், திரும்ப வராது. காலை வணக்கப் படங்கள் பத்துக் குழுக்களைத் தாண்டி வரும்போது ரோஜாப்பூ ஓரங்களில் அழுக்கு ஒட்டினதுபோல் தெரிவதற்குக் காரணம், வழியில் மறுபடி மறுபடி சிறிதாக்கிச் சுருக்கியதுதான்.

இந்தக் கோலக் கணக்கைச் சொன்னவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல் இந்த யோசனைக்காக அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. தம் மாணவர் டி. நடராஜனுடனும் நண்பர் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து அதை முடித்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். அதை அடித்தளமாகக் கொண்ட ஜேபெக் தரநிலை 1992இல் வந்தது. நம் குடும்பப் படங்களில் பாதிக்கு மேல் இந்த மூவர் கைபட்டவை. ஸ்டுடியோக்காரரிடம் சொன்னபோது நடராஜன் என்ற பெயரை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

தளத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் படம் பல அளவுகளில் பெருகுகிறது. ஃப்ளிக்கர் தன் ஆரம்ப வருடங்களில் 75 புள்ளிச் சதுரம் ஒன்றும், நீண்ட பக்கம் 100, 240, 500, 1024 என்ற அளவுகளில் நான்கும் உடனே செய்து வைத்துவிடும். யாரோ ஒருவர் பட்டியலைப் புரட்டும்போது அவருக்குப் போவது அந்தச் சின்னச் சதுரம்தான். ஸ்டுடியோவில் கான்டாக்ட் பிரின்ட், பாஸ்போர்ட், போஸ்ட் கார்டு, என்லார்ஜ்மென்ட் என்று வைத்திருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே கேட்பதற்கு முன்பே எல்லாம் கழுவித் தயாராக இருக்கிறது.

அடுத்து எண் கொடுக்க வேண்டும். ஒரே கணினியில் எல்லோர் விவரமும் அடங்காது என்பதால் பயனர்களைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் 1, 2, 3 என்று எண்ணினால் ஒரே எண்ணில் பல படங்கள் வந்துவிடும். ஃப்ளிக்கர் இதற்கு ரேஷன் கடைத் தீர்வைக் கண்டது. எண் கொடுப்பதற்கென்றே இரண்டு கணினிகள். ஒன்று ஒற்றைப்படை டோக்கன் மட்டும் தரும், மற்றது இரட்டைப்படை மட்டும். இரண்டும் ஒன்றையொன்று கேட்கவே வேண்டாம். ஒன்று படுத்துவிட்டால் மற்றது வேலையைத் தொடரும்.

கருத்து எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. நான் உங்கள் படத்தின் கீழே எழுதுகிறேன். என் விவரம் ஒரு கணினியில், உங்களுடையது வேறொன்றில். கருத்து எங்கே இருக்க வேண்டும்? இதற்கு விடை நம் மொய் நோட்டில் இருக்கிறது. கல்யாண வீட்டு நோட்டில் ‘இன்னார் 500’ என்று ஏறும். வைத்தவர் தம் வீட்டுக்குப் போய்த் தம் நோட்டிலும் ‘இன்னார் வீட்டுக்கு 500’ என்று எழுதிக்கொள்வார். ஒரே செய்தி இரண்டு இடத்தில். தரவுத்தளப் பாடப் புத்தகம் இதை வீண் என்று சொல்லும். ஆனால் யார் கேட்டாலும் அவரவர் வீட்டு நோட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம், அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஃப்ளிக்கரும் அதையேதான் செய்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கிடங்கு வேலை. கிடங்கில் ஒரு படத்தைத் தேடி எடுக்கச் சொல் வேண்டும். அந்தக் காலத்தில் கணினிக்குப் படத்தில் இருப்பது மதிலா மாடா என்று தெரியாது. எனவே குறிச்சொற்களை மக்களிடமே விட்டுவிட்டார்கள். நூலகத்தில் இருப்பதுபோல் முன்கூட்டி வகுத்த பட்டியல் கிடையாது; கோட்டை, அகழி, மாலை, அத்தை, எது வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் படத்துக்கு நண்பர்களும் எழுதலாம். ஒழுங்கில்லாத முறைதான். ஆனால் ஆயிரம் பேர் ஒரே சொல்லை எழுதும்போது அந்த ஒழுங்கின்மைக்குள் ஒரு வழி தெரிந்துவிடுகிறது.

சொல்லை மட்டும் நம்பினால் தடுமாற்றமும் உண்டு. ‘ஆற்காடு’ என்று தேடினால் நவாபின் ஊரும் வரும், சென்னையில் கோடம்பாக்கம் வழியாகப் போகும் ஆற்காடு சாலையின் போக்குவரத்து நெரிசலும் வரும். ‘வேலூர்’ என்றால் நாமக்கல் பக்கத்துப் பரமத்தி வேலூரும் எட்டிப் பார்க்கும். 2006 ஆகஸ்டில் ஃப்ளிக்கர் படங்களை வரைபடத்தில் குத்தி வைக்கும் வசதியைக் கொடுத்தது. போன் கேமராக்கள் வந்த பிறகு இது தானாகவே நடக்கிறது: படக் கோப்பின் தலைப்பகுதியில், எக்சிஃப் என்ற இடத்தில், நேரத்தோடு ஜிபிஎஸ் எண்களும் பதிவாகின்றன. கோட்டை சுமாராக 12.92, 79.13 என்ற இடத்தில் இருக்கிறது. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை துல்லியம். மதிலின் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்றே தெரியும். உங்கள் வீட்டு வாசலும் அதே துல்லியத்தில் தெரியும் என்பதால் வீட்டில் எடுத்த படங்களுக்கு இதை அணைத்துவிடுவது நல்லது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஊர் எல்லை. ஜிபிஎஸ் எண்ணைப் பார்த்துத் தளம் ஊர்ப்பெயரை ஊகிக்கும். தவறென்றால் நாம் திருத்தலாம். இப்படி ‘இது இன்ன ஊர்’ என்று மக்கள் ஒப்புக்கொண்ட புள்ளிகளை எல்லாம் சேர்த்து, 2008இல் ஃப்ளிக்கரின் பொறியாளர்கள் ஊர்களுக்கு எல்லை வரைந்தார்கள். புள்ளிக்கூட்டத்தைச் சுற்றி வெளிப்புறமாக ஒரு சக்கரத்தை உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சக்கரம் பள்ளங்களுக்குள் நுழையாது, எல்லை மொழுக்கென்று வரும். சிறிய சக்கரம் சந்து பொந்தெல்லாம் நுழைந்து எல்லையைக் கரடுமுரடாக்கும். அப்படிக் கிடைத்தது சர்வேயர் வரைந்த எல்லை அல்ல, மக்கள் மனத்தில் உள்ள எல்லை. வேலூருக்கு அப்படி வரைந்தால் பாலாற்றைத் தாண்டி ஒரு வால் காட்பாடி ஜங்ஷன் வரை நீளும் என்று பந்தயம் கட்டுவேன். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர் காட்பாடியில் இறங்கித்தான் ‘வேலூர் வந்துவிட்டேன்’ என்று படம் போடுகிறார். காட்பாடிக்காரர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

எந்தப் படத்தை முன்னால் காட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு 2005இல் வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, எங்கிருந்து வந்தார்கள், யார் எப்போது கருத்து எழுதினார்கள், யார் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதையும் அது சேர்த்துப் பார்க்கிறது. அன்றாடம் 500 படங்கள் மேலே வரும். சூத்திரத்தை வெளியில் முழுமையாகச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே ஆள் சேர்த்து ஏமாற்றுவார்கள். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்து எல்லாவற்றையும் போனுக்குள் இழுத்துக்கொண்டது. ஃப்ளிக்கர் 2018இல் ஸ்மக்மக் என்ற இன்னொரு படத் தள நிறுவனத்தின் கைக்குப் போனது. விருப்பக் குறி இடுவது இப்போது சுலபம். நின்று நாலு வார்த்தை எழுதுகிறவர் குறைந்துவிட்டார் என்பது என் ஆதங்கம்.

அப்படி எழுதுகிறவர்களை நம்பித்தான் 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன்னிடமிருந்த 3,000க்கும் அதிகமான பழைய படங்களை ஃப்ளிக்கரில் வைத்தது. படத்தில் இருப்பவர் யார், இது எந்தத் தெரு என்று யார் யாரோ வந்து எழுதினார்கள். சரிபார்க்கப்பட்டவை நூலகத்தின் பதிவிலேயே ஏறின.

பெரியவரின் பெட்டிக்கும் அதுதான் நடந்தது. அகழியோரம் ஒரு பஸ் திரும்பும் வண்ணப் படம் ஒன்று. “இது 1985. மூத்த பெண் பிறந்த வருடம்” என்று அவர் சொன்னதை நான் அப்படியே குறிச்சொல்லாகப் போட்டிருந்தேன். நான்கு நாள் கழித்து யாரோ கீழே எழுதியிருந்தார்: பஸ்ஸின் பக்கவாட்டில் ‘அழகிரி’ என்று முடிவது பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம், 1997இல் அந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. எண் பலகையில் டி.என். 23 என்று இருக்கிறது. அந்த முறை 1989க்குப் பிறகுதான். ஆகவே படம் 85 அல்ல.

பெரியவர் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லூப் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். “அப்படியென்றால் மூத்தவள் இல்லை, சின்னவள் பிறந்த சமயம்” என்றார். உறையில் பென்சிலால் ‘91?’ என்று எழுதினார். பிறகு என்னிடம் கேட்டார்:

“எழுதியவர் எந்த டிப்போவில் வேலை பார்த்தாராம்?”