ஃபாக்ஸ்குளோவ் பூக்காததற்குக் கைராசி காரணமில்லை

ஐரோப்பியப் பூச்செடியான ஃபாக்ஸ்குளோவின் விதையை ஆறு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் விதைத்தாராம் சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர். இலை தழைத்தது, பூ வரவில்லை. தமக்குக் கைராசி இல்லையோ என்று கேட்கிறார். கைராசிக்கும் பூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குளிர் பட்ட நேரம்தான் தப்பு.

ஐரோப்பாவில் இச்செடி முதல் ஆண்டு தரையோடு இலைக்கொத்தாகக் கிடந்து, பனிக்காலம் தாண்டி மறு ஆண்டு பூக்கும். அந்தக் குளிர், ஏழெட்டு இலை விட்ட செடிக்கு வேண்டும். 5 டிகிரி அளவில் எட்டுப் பத்து வாரம். உலர்ந்த விதைக்குக் குளிரைக் குறித்துவைக்கத் தெரியாது.

செடி எப்படிக் குறித்துவைக்கிறது? அராபிடோப்சிஸ் என்ற கடுகு இனக் களைச்செடியில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் எஃப்எல்சி மரபணுதான் பூப்பதற்கான பிரேக். குளிர் நீடித்தால், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் ஏறி அந்த மரபணுவைச் செயல்படாமல் பூட்டிவிடும்; பிரேக் விடுபடும். இனிமேல்தான் அழகு. பிரேக் எல்லா உயிரணுக்களிலும் சிறிது சிறிதாகத் தளர்வதில்லை. ஒவ்வொன்றிலும் அந்த மரபணு திறந்திருக்கும், இல்லையேல் பூட்டியிருக்கும். குளிர் நீள நீளப் பூட்டியவற்றின் எண்ணிக்கை கூடும். பூட்டிய உயிரணுக்களின் தலைக்கணக்குதான் செடியின் நாள்காட்டி! இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் ஆய்வு மையத்தார் 2011இல் இதைக் காட்டினார்கள். வெயில் திரும்பி உயிரணு பிரிந்தாலும் பூட்டு சேய் உயிரணுக்களுக்கும் போகும். விதை உருவாகும்போதுதான் கழன்றுவிடும். கோதுமையில் இதே வேலைக்கு வேறு மரபணுக்கள்; ஃபாக்ஸ்குளோவும் கடுகுக் குடும்பமல்ல. ஆனாலும் பயனற்ற களைச்செடிக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்போருக்கு இதைத்தான் காட்டுவேன்.

சிங்கப்பூரில் இரவிலும் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே குளிர் கேட்காத கேமலாட், டால்மேஷியன் வகைகளையே வாங்குங்கள். விதை தூசி போலிருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான தேங்காய்நார்த்தூளின் மேல் தூவி, விரலால் அழுத்தி, மூடாமல் விடுங்கள். குளிரூட்டிய அறையில் எல்இடி விளக்கடியில் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். தொட்டிக்கு மாற்றும்போது நடுக்குருத்து மண்ணுக்குமேல் நிற்கட்டும். புதைந்தால் மழைநீர் தேங்கி அழுகும். கடும் மதிய வெயில் ஆகாது.

செடி முழுதும் நஞ்சு. இதயத்துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடு என்ற வேதிப்பொருள்கள் இலையிலும் விதையிலும் உண்டு. பிள்ளைகளும் பூனைகளும் நடமாடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பொதுத் தாழ்வாரத்தில் வைக்கவே வேண்டாம்.

அங்கே ஆஞ்சிலோனியா வையுங்கள். ஃபாக்ஸ்குளோவின் குடும்பம்தான், வெப்பநாட்டுச் செடி. 10 சென்டிமீட்டர் தண்டை வெட்டி, கீழிலைகளைக் கிள்ளி நட்டால் மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். ஆறு மணி நேர வெயில் கிடைக்கட்டும். வாடிய கதிரை நறுக்கினால் பக்கக்கிளையில் அடுத்தது கிளம்பும்.