தந்தையின் ஆயுள் உங்களுக்குக் குடை பிடிக்காது

இந்தக் கோடையில் வீட்டுத் தோட்டத்தில் மயங்கி விழுந்து என்னிடம் அழைத்துவரப்பட்ட முதியவர்களில் கடைசியாக வந்தவருக்கு வயது 68. முற்பகல் 11 மணி வரை குந்தியிருந்து களை பறித்தவர், எழுந்து நின்ற கணத்தில் கண் இருண்டு பாத்தியின் மேலேயே சரிந்திருக்கிறார். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-க்குக் கீழே இறங்கியிருந்தது. நரம்பு வழியே திரவம் ஏற்றித் தெளிவு வந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "எங்கள் அப்பா 91 வயது வரை மண்வெட்டி பிடித்தவர், டாக்டர், எங்கள் பரம்பரையை வெயில் ஒன்றும் செய்யாது" என்பதுதான். ஆள் மாறி ஆள் வந்து இதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டு எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்தத் தந்தையை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அவர் ஆண்டு முழுவதும் மண்ணில் நின்றவர். உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களிலேயே அந்தப் பழக்கம் கரைந்துபோகும். குளிரூட்டிய அறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் மட்டும் செடிகளிடம் போகிற மகனுக்கு அது எப்படி வந்து சேரும்? வீடும் நிலமும் வாரிசுக்கு வரும். வெயில் தாங்கும் பழக்கத்தை அவரவர் உடல்தான் ஈட்டவேண்டும். மேலும், அந்தத் தந்தை எந்த மாத்திரையும் சாப்பிட்டவரல்லர் என்று மகனே சொன்னார். மகனோ இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியவைக்கும் மாத்திரை ஒன்றும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை ஒன்றும் எடுத்துக்கொள்கிறார். இரண்டும் நல்ல மருந்துகள், இரண்டும் உடலிலிருந்து நீரைக் கொண்டுபோகிறவை. வியர்வை அதன் பங்குக்கு மூன்றாவது வாய்க்காலைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அன்று பாத்தியில் பார்த்தோம். தந்தையிடமிருந்து வந்தது உங்கள் மரபணுக்களில் பாதிதான் என்பதையும் மறந்துவிடுகிறீர்கள். தாயின் பக்கத்தை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, அதனால் எங்களிடம் சொல்வதுமில்லை.

கேட்டுக் கேட்டுத்தான் வந்தது: அந்த 68 வயதுக்காரரின் அண்ணனுக்கு 52 வயதில் மாரடைப்பு. ஏன் இத்தனை ஆண்டுகள் சொல்லவில்லை என்றால், "அவர் புகை பிடித்தார், அது குடும்ப நோயில்லையே" என்கிறார். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்னரோ, பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்னரோ மாரடைப்பு வந்திருந்தால், காரணம் எதுவென்று நீங்கள் நினைத்தாலும், உங்கள் மருத்துவர் அதை அறிந்தாக வேண்டும். யாருக்கு, என்ன நோய், எந்த வயதில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது குடும்ப வரலாறு. இதில் எங்கள் மேலும் குற்றம் இருக்கிறது: 'குடும்பத்தில் நோய் உண்டா, இல்லையா' என்ற ஒற்றைக் கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கிற அவசரம் எங்களுடையது. வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தத்தைத் திருப்பும் பொருட்டு இதயம் கூடுதலாக உழைக்கிறது. ஆகவே அந்த அண்ணனின் செய்தி தோட்டத்துக்கும் உரியதே.

"தாகமே எடுக்கவில்லை" என்பதைத் தயவுசெய்து சான்றாகக் கொண்டுவராதீர்கள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கும், வியர்வையும் குறையும். தோட்டத்தில் இறங்கும் முன்பே நீர் அருந்துங்கள், இடையிடையேயும் அருந்துங்கள். இதயச் செயலிழப்புக்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் கோடைக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் பிரியவைக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ வேலை செய்யுங்கள். குந்துவதற்குப் பதில் தாழ்வான முக்காலியில் அமருங்கள். எழும்போது ஒரு நிமிடம் பொறுத்து, எதையாவது பற்றிக்கொண்டு எழுங்கள். சர்க்கரை நோயாளிகள் செருப்பின்றி மண்ணில் கால் வைக்கவே கூடாது. முள் தைத்தது தெரியாமல் புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகு வருகிறார்கள், பிறகு நாங்கள் விரலை எடுக்க வேண்டியதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் நீர் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். அதைக் கீழே ஓடவிட்டுவிட்டுப் பிறகு காலைக் கழுவுங்கள்.

வீட்டிலிருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்திலிருந்து வந்தவர் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்கவைத்து, நீர் கொடுத்து, அருகிலேயே இருங்கள். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் மட்டும் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

அந்த 68 வயதுக்காரருக்கு மாத்திரைகளின் அளவைத் திருத்தி, இதயப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். தாயும் தாயின் உடன்பிறந்தோரும் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரும்படி அவர் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.