துறைக்குள் ஓடிய எஞ்சின் கடலில் ஏன் நின்றது?

ஆனி ஆடி முடியும்வரை குளச்சல் கரையில் ஏற்றிப் போட்டிருந்த மாமாவின் பைபர் வள்ளத்தை ஆவணி பிறந்ததும் கடலில் இறக்கினோம். அவுட்போர்டு எஞ்சினை வழக்கம்போல முதலில் பெட்ரோலில் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளே பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சுவரைத் தாண்டி முதல் இரண்டு அலைகளில் வள்ளம் ஏறி இறங்கியதும் எஞ்சின் இருமியது, மூன்றாவது அலையில் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மாமா, எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி உள்ளே கிடந்ததை வடியவிட்டு, மறுபடி பெட்ரோலில் எடுத்தார். உடனே எடுத்துக்கொண்டது. இருந்த கொஞ்சம் பெட்ரோலிலேயே கரை சேர்ந்தோம்.

கரையில் மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெய் கேனை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் ஒரு கண்ணாடி டியூபை அடிவரை விட்டு, மேல் முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்து, காலி குவாட்டர் பாட்டிலில் விட்டார். வெயிலுக்கு நேராகப் பிடித்தபோது கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே மண்ணெண்ணெய், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த ஏதோ ஒன்று. கடையில் வாங்கிவரச் சொன்ன கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகை போட்டார். அது மண்ணெண்ணெயில் கரையாமல் நேரே இறங்கியது. கோட்டைத் தொட்டதுதான் தாமதம், அடிப்பகுதி முழுவதும் ஆரஞ்சாகிவிட்டது. "தண்ணி கேறிட்டு, மக்களே" என்றார்.

சரி, தண்ணீர் ஏறியிருந்தது. அப்படியானால் துறைக்குள் பத்து நிமிடம் எப்படி ஓடியது?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கடல்நீர் இன்னும் கொஞ்சம் கூடுதல், சுமார் 1.025 கிலோ. மண்ணெண்ணெய் 0.8 கிலோ அளவில் நிற்கும், டீசல் 0.83, பெட்ரோல் 0.75 பக்கம். ஆகவே எந்த எரிபொருளிலும் தண்ணீர் அடியில்தான் போய்ப் படுக்கும். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் டேங்கின் தரையைத் தொடாமல் இரண்டொரு சென்டிமீட்டர் மேலே நிற்கும். தண்ணீர் மட்டம் அந்த வாய்க்குக் கீழே இருக்கும்வரை எஞ்சினுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. வள்ளம் ஆடாமல் நிற்கும்போது எல்லாம் சரியாகவே நடக்கும். அலை வந்து டேங்கைக் குலுக்கியதும் அடியில் கிடந்தது எழுந்து குழாய்க்குள் புகுந்துவிடும். எஞ்சின் நிற்கவே கூடாத இடம் துறைமுக முகத்துவாரம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களிடம் கேட்டால் தெரியும், அங்கே அலைக்குக் குறுக்கே திரும்பிப்போன வள்ளத்தின் கதி என்ன என்று. தண்ணீர் தன் வேலையைக் காட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

குலுங்கிய தண்ணீர் மறுபடி அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது துளியின் அளவைப் பொறுத்தது. கனம் துளியைக் கீழே இழுக்கிறது, எண்ணெயின் பிசுபிசுப்பு மேலே தாங்குகிறது. இந்த இழுபறிக்கு 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். துளியின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டீசலில் 0.1 மில்லிமீட்டர் துளி 30 சென்டிமீட்டர் இறங்கப் பதினேழு நிமிடம் போதும். அதே துளி 0.01 மில்லிமீட்டராக இருந்தால் ஒரு நாளுக்கு மேல், சுமார் 28 மணி நேரம். துளி அந்த அளவுக்குச் சிறுத்துவிட்டால் டீசல் மோர்போல வெண்மையாகக் கலங்கித் தெரியும். "ராத்திரி முழுக்க அசையாமல் வை, காலையில் அடியைத் திற" என்று பழைய ஆட்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது? கார்புரேட்டர் எஞ்சினில் அது மிதவைக் கிண்ணத்தின் அடியில் தங்குகிறது. எரிபொருள் ஏறும் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அதன் வாயும் அங்கேதான். எரிபொருளுக்குப் பதிலாகத் தண்ணீரை இழுத்த எஞ்சின் இருமி நிற்கும். மாமா அடித்திருகைக் கழற்றி வடித்தது அதைத்தான். பெரிய சேதம் இல்லை. ஆனால் கடல்நீராக இருந்து அப்படியே விட்டுவைத்தால், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துத் துளைகளை அடைத்துவிடும்.

டீசல் எஞ்சினில் கதையே வேறு. அங்கே டீசலை அழுத்தும் பம்பிலும் அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும் இருப்பவை ஒன்றுக்குள் ஒன்று நகரும் உறுப்புகள். இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அவற்றுக்கு மசகு போடுவதும் டீசலேதான், தனி எண்ணெய் கிடையாது. தண்ணீர் வந்தால் மசகு போய்விடும், உலோகம் உலோகத்தோடு உரசும். சூடான இன்ஜெக்டர் முனையில் தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகிப் பல மடங்கு விரிவதால் முனையே தெறித்துப்போவதும் உண்டு. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கரை பார்க்காமல் கிடப்பவை. அங்கே இன்ஜெக்டர் போனால் மெக்கானிக்குக்கு எங்கே போவது?

டீசலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, அது உயிருள்ள தொல்லை. ஹார்மோகோனிஸ் ரெசினே என்றொரு பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்பது அதன் செல்லப்பெயர். எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு, குடியிருப்பது மட்டும் தண்ணீரில். ஆகவே இரண்டும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் குடும்பம் நடத்தும். தாள் கனத்துக்குத் தண்ணீர் இருந்தாலே போதும். ஃபில்டரைக் கழற்றும்போது கறுப்பாக, குளத்துப் பாசிபோல வழுவழுவென்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அது தூசி இல்லை. எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் டேங்கின் அடித்தண்ணீர் போகாதவரை அது திரும்ப வரும்.

இனி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? துறையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "டேங்க் வேர்த்துப்போச்சு." நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பதிலுக்கு நல்ல வசதி. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல் அடங்கிய மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம், ஒவ்வொன்றும் 61 நாள். அத்தனை நாளும் விசைப்படகுகளின் டேங்க் அரைகுறையாகக் கிடக்கும். ராத்திரி குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் துளித்து இறங்கும் என்பது உண்மைதான். எவ்வளவு இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

டேங்கில் ஆயிரம் லிட்டர் காலியிடம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கனமீட்டருக்கு 30 கிராம் தண்ணீரைச் சுமக்கும். பகலில் 30, இரவில் 24 டிகிரி என்றால் டேங்குக்குள் காற்று சுமார் இரண்டு சதவீதம் சுருங்கும். அதாவது ஒரு நாளைக்கு 20 லிட்டர் புதுக்காற்றுதான் உள்ளே வரும். அது கொண்டுவரும் ஈரம் 0.6 கிராம். அத்தனையும் துளித்து, ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் இருந்தால்கூட 61 நாளில் 40 கிராம் தேறாது. அரை டம்ளருக்கும் குறைவு.

இப்போது மூடியைப் பாருங்கள். தளத்தில் பதித்த டேங்க் மூடி பத்து சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். ஒரே ராத்திரியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த வட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 400 மில்லிலிட்டர் விழும். தளத்தில் ஓடிவந்து பள்ளத்தில் தேங்குவது தனி. வாஷர் கெட்டுப்போயிருந்தால் இரண்டு மாதத்தின் 'வேர்வை'யைப் போலப் பத்து மடங்கு ஒரே மழையில் உள்ளே போய்விடும். காற்றுக்குழாயின் வாய் அலை தெறிக்கும் பக்கம் திரும்பியிருந்தால் உப்பும் கூடவே வரும். ஆகவே டேங்கில் லிட்டர் கணக்கில் தண்ணீர் கிடந்தால், காற்றைத் திட்டுவதில் பயன் இல்லை என்பது என் கட்சி.

தண்ணீர் இருப்பது தெரிந்த பின் செய்வதற்கு முதலில் பொறுமை வேண்டும். படகை ஆடாத இடத்தில் ஒருநாள் விட்டு, டேங்கின் தாழ்ந்த மூலையிலிருந்து கைப்பம்பால் உறிஞ்சி, ஒவ்வொரு பாட்டிலாக வெயிலில் பார்த்து, கோடு தெரியாத பாட்டில் வரும்வரை எடுக்க வேண்டும். துணியில் வடிகட்டுவது தூசிக்குச் சரி, தண்ணீருக்கு ஆகாது. துணி இரண்டையும் விட்டுவிடும். டெஃப்லான் பூசிய வலை வைத்த புனல்கள் கிடைக்கின்றன. தாமரை இலைபோல அவற்றில் தண்ணீர் ஒட்டாது, உருண்டு நின்றுவிடும், எண்ணெய் மட்டும் பரவி இறங்கும். கேனிலிருந்து ஊற்றும்போது அதுவே பாதி வேலையை முடித்துவிடும். எடுத்த அடிக்கசடைக் கடலில் கொட்டுவது வழக்கமாகத்தான் இருக்கிறது, நல்ல வழக்கம் இல்லை. கழிவு எண்ணெய் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலாக இருந்தால் ஆவி படகின் அடிப்பள்ளத்தில்தான் போய்ப் படுக்கும். பீடியும் மின்மோட்டாரும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

படகில் நிரந்தரமாக வைக்கும் வாட்டர் செப்பரேட்டர் துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கி, அடியிலுள்ள கிண்ணத்தில் விழவைக்கிறது. ஸ்டோக்ஸ் கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான். அதைப் பம்புக்கு முன்னால் பொருத்த வேண்டும். பம்பைத் தாண்டிவிட்டால் தண்ணீர் கடைந்த மோராகிவிடும், பிரிப்பது கடினம்.

பெட்ரோலில் ஓடும் புது எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாடம் கொஞ்சம் மாறும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் உறவு. கொஞ்சம் தண்ணீர் வந்தால் கரைத்து வைத்துக்கொள்ளும், எஞ்சினும் அதை எரித்துவிடும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அப்போது அடியில் கிடப்பதை எடுத்தால் மட்டும் போதாது. மேலே மிஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் (முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தன்மை) குறைந்து நிற்கும், எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டவைக்கும். மொத்தத்தையும் மாற்றுவதுதான் வழி. டீசல் டேங்கில் தண்ணீர் இருந்தால் ஸ்பிரிட் ஊற்றிச் சரிக்கட்டும் வைத்தியம் ஒன்றும் உலவுகிறது. இன்ஜெக்டர் மேல் ஆசை இருப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம்.

மாமாவின் கேனுக்கு வருகிறேன். அது மழைக்காலம் முழுக்க வள்ளத்திலேயே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தார்ப்பாயின் ஒரு மூலை கிழிந்திருந்தது. மெக்கானிக் மூடியைத் திருப்பிக் காட்டினார். பழைய வாஷர் தொலைந்த இடத்தில் மாமா சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்திருந்தார். டியூப் ரப்பர் காற்றுக்கு நல்லது, எண்ணெய்க்கு ஆகாது. மண்ணெண்ணெயைக் குடித்து உப்பி, ஓரமெல்லாம் அப்பளம்போல நெளிந்து, ஒரு பக்கம் மூடிக்கு வெளியே பிதுங்கி நின்றது. "எண்ணெய் தாங்குற நைட்ரைல் வாஷர் கேட்டு வாங்கணும்" என்றார் மெக்கானிக். மாமா அந்த டியூப் துண்டை விரலால் இழுத்துப் பார்த்தார், அது கையோடு பிய்ந்து வந்தது.