வீட்டில் செய்யும் தோல் கிரீம் ஏன் திரிகிறது?

காங்கேயம் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலோடு உறைந்து நிற்கும். சித்திரையில் தண்ணீராய் ஓடும். சுமார் 24 டிகிரியில் உருகுகிற எண்ணெய் அது. அதனால் கிரீமின் கெட்டித்தன்மையை அதனிடம் விடக்கூடாது, மெழுகிடம் விட வேண்டும்.

100 கிராமுக்கு: தண்ணீர் 72, கிளிசரின் 3, தேங்காய் எண்ணெய் 15, எமல்சிஃபையிங் வேக்ஸ் (எண்ணெயையும் தண்ணீரையும் பிணைக்கும் மெழுகு) 6, செட்டைல் ஆல்கஹால் (கெட்டித்தன்மை தரும், மெழுகு மாதிரியான பொருள்) 3, பினாக்ஸிஎத்தனால் அடங்கிய பதப்பொருள் (கிருமி வளராமல் காப்பது) 1. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசு வேண்டும்.

எண்ணெய், மெழுகுகள் ஒரு பாத்திரத்திலும், தண்ணீர், கிளிசரின் இன்னொன்றிலும் இருக்கட்டும். இரண்டையும் கொதிநீருக்குள் இறக்கி வைத்து 75 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒன்றாகச் சேர்த்து அடியுங்கள். பெரும்பாலான கிரீம்கள் கெடுவது இங்கேதான். செட்டைல் ஆல்கஹால் 49 டிகிரி வாக்கில் உறையும். தேன்மெழுகு சேர்த்தால் அது 62–64லேயே உறையும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் மெழுகு பட்ட இடத்திலேயே ரவையாகிவிடும். புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். கரையாமல் உருளுகிற ரவை என்றால் மெழுகு. மறுபடி 75க்குச் சூடாக்கி அடித்தால் சரியாகும். தேய்த்ததும் உருகி மறைகிற ரவை ஷியா வெண்ணெய் மாதிரியான கொழுப்புடையது. மெல்ல ஆறியதால் வந்தது. முழுதும் உருக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துக் கிளறிக்கொண்டே சீக்கிரம் ஆற்ற வேண்டும்.

கை பிளெண்டரின் தலை கலவைக்குள் மூழ்கியே இருக்கட்டும். மேலே தூக்கினால் காற்று புகுந்து நுரைத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரிவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. ஸ்டியரிக் அமிலமும் (ஒரு கொழுப்பு அமிலம்) காரமும் (ஆல்கலி) சேர்த்தோ, தேன்மெழுகும் வெங்காரமும் (போராக்ஸ்) சேர்த்தோ செய்யும் கிரீமில், எண்ணெயையும் தண்ணீரையும் பிணைத்து வைப்பதே உள்ளே உருவாகும் சோப்புதான். தண்ணீரின் கால்சியம் அந்தச் சோப்பைப் பிடித்துக்கொண்டால் பிணைப்பு அறுந்து எண்ணெய் மேலே மிதக்கும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். சூட்டில் ஆவியாகும் நீரையும் கணக்கில் எடுங்கள்: முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த கிராமை வெந்நீராகச் சேர்க்காவிட்டால் கிரீம் களி மாதிரி இறுகும்.

தடவும்போது தோலில் வெள்ளைக்கோடு விழுந்தால் செட்டைல் ஆல்கஹாலை 3இலிருந்து 2ஆகக் குறைத்து, அந்த 1 கிராமுக்கு எண்ணெய் சேர்த்துப் பாருங்கள்.

பதப்பொருளை 40 டிகிரிக்குக் கீழே ஆறியதும் கலக்குங்கள். தோட்டத்துச் சோற்றுக்கற்றாழைச் சாற்றைத் தண்ணீருக்குப் பதில் ஊற்றிய கிரீம் சில நாளில் நீர்த்து, வாடை மாறினால், அது கிருமி வேலை. மறுபடி காய்ச்சிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.